ஓம் என்று சொன்ன புதன்கிழமை

தொண்ணூறுகளின் நடுவில், ஒக்லண்டில், ஒரு பல்கலைக்கழகத்தின் நோயியல் துறையில் எனக்கு ஆறு மாதத் தற்காலிக வேலை கிடைத்தது. பதினேழு விண்ணப்பம் போட்டு, பதினாறு மறுப்புக் கடிதங்களுக்குப் பிறகு வந்த வேலை. ஐம்பத்திரண்டு வயதில் பதினெட்டாவது எழுதும் தைரியம் என்னிடம் இல்லை.

மாணவர்கள் நுணுக்குக்காட்டியில் வைத்துப் படிக்கும் ஸ்லைடுகளை எண்ணி, உடைந்தவற்றைக் கழித்து, நம்பர் ஒட்டி அடுக்க வேண்டும். ஈரல், நுரையீரல், சிறுநீரகம் எல்லாம் மெல்லிய சீவல்களாக, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றியவை. எண்ணுவதற்குச் சம்பளமும் தருகிறார்களே என்று எனக்கு வியப்பு. எங்கள் வீட்டுக்கும் ரயிலடிக்கும் இடையிலுள்ள விளக்குக் கம்பங்களை நான் சும்மாவே எண்ணி வைத்திருந்தேன். முப்பத்தொன்று.

ஐந்தாம் மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை, எண்ணிக்கை பதின்மூவாயிரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது துறைத்தலைவி வந்தார். இந்த வேலையை நிரந்தரமாக்கப் போகிறோம், தொடர்ந்து இருக்க விருப்பமா என்று கேட்டார். எண் தவறிவிடக் கூடாதே என்ற பதற்றத்தில், ஸ்லைட் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் “ஓம்” என்றேன். அவர், அவசரமில்லை, வெள்ளிக்கிழமைக்குள் யோசித்துச் சொன்னால் போதும் என்றுவிட்டுப் போனார்.

ஓம் என்று சம்மதம் சொன்னவனை எதற்காக யோசிக்கச் சொல்கிறார்? ரயில் நாங்கள் குடியிருந்த ஏவன்டேல் வந்து சேர்வதற்குள் ஆறு காரணங்கள் கண்டுபிடித்தேன். ஆறும் கெட்டவை. இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் நடந்ததைச் சொன்னேன்.

“இஞ்சாருங்கோ, நீங்கள் என்ன சொன்னனீங்கள்?” என்று கேட்டாள் மனைவி.

“ஓம் எண்டனான்.”

“தமிழிலையோ?”

சாப்பிட்டுக்கொண்டிருந்த மகளுக்குப் புரையேறிவிட்டது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை அவள். இந்த ஊர்க்காரர் மனம் ஒப்பாமல் தயங்கும்போது ‘அம்ம்’ என்று இழுப்பார்கள், அப்பா சொன்னதும் அப்படித்தான் கேட்டிருக்கும் என்று விளக்கினாள்.

“நாளைக்கு முதல் வேலையா அவவிட்டைப் போய் யெஸ் எண்டு சொல்லுங்கோ,” என்றாள் மனைவி. “எண்ணுறதைப் பிறகு எண்ணலாம்.”

மறுநாள் துறைத்தலைவி வருமுன்பே அவருடைய அறை வாசலில் நின்றேன். காலை வணக்கத்தையும் மறந்து, “யெஸ்” என்று மூன்று தரம் சொன்னேன். ஒன்றே போதும் என்று சிரித்துக் கை கொடுத்தார். கதவைத் திறந்துகொண்டே, இதுவரை எத்தனை ஸ்லைட் தேறியிருக்கிறது என்று கேட்டார்.

நேற்று எந்த எண்ணில் விட்டேன் என்பது அடியோடு மறந்துபோயிருந்தது.

“அம்ம்...” என்றேன்.