ஆடுகள் கடிக்காத வெண்டை

காளவாசலில் ஒரு ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றே வேலை பார்த்ததில் எனக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. வேலையை விட்டுவிட்டு அவனியாபுரத்தில் வீட்டுக்குப் பின்னால் ஆடு வளர்க்க ஆரம்பித்தேன். இப்போது பதினொன்று நிற்கின்றன. மேய்ச்சல் தரையெல்லாம் பிளாட்டாகிவிட்டது. காய்ப்பு ஓய்ந்த தோட்டங்களில் மிஞ்சி நிற்கும் செடிகொடிதான் அவற்றுக்குத் தீனி. ஒருமுறை மருந்தடித்த அவரைக்கொடியைத் தின்று இரண்டு குட்டிகள் வாயில் நுரை தள்ளிச் செத்தன. அதிலிருந்து விசாரிக்காமல் எந்தத் தோட்டத்துக்குள்ளும் ஆட்டை விடமாட்டேன்.

போன சித்திரையில், விமான நிலையத்துக்குத் தெற்கே தோட்டம் வைத்திருக்கும் அக்கா ஒருத்தி, கடைசிப் பறிப்பு முடிந்துவிட்டது, வந்து மேய்த்துக்கொள் என்று போன் செய்தாள். அவள் புருஷன் அதற்கு முந்தின புரட்டாசியில் இறந்திருந்தார். நெஞ்சுவலி என்று சொன்னார்கள். துக்கத்துக்கு நானும் போயிருந்தேன். மருந்து அடித்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டேன். அவர் போன பிறகு மருந்து டப்பாவையே தொடவில்லை, வேப்பெண்ணெய்க் கரைசல்தான் என்றாள்.

காலையில் ஆடுகளை உள்ளே விட்டேன். இடுப்பளவு வெண்டைச்செடி, வரிசை வரிசையாக உருவித் தின்றன. தலைக்கு மேல் விமானம் தாழ்வாகப் போனபோதும் ஒன்றுகூட நிமிரவில்லை. நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கண்ணயர்ந்துவிட்டேன்.

விழித்தபோது உச்சிவெயில். மெல்லும் சத்தம் நின்றிருந்தது. தோட்டம் முழுக்க மொட்டைக் குச்சிகள். நட்டநடுவில் மட்டும் ஒரு துண்டு, இலை கலையாமல் பச்சையாக நின்றது. பதினொரு ஆடுகளும் அதைச் சுற்றி நின்றன. அகலம் மூன்றடி இருக்கும். நீளம், ஓர் ஆள் கைகால் நீட்டிப் படுத்தால் எவ்வளவோ அவ்வளவு.

கிட்டே போய் ஒரு கொத்து இலையைப் பறித்து முகர்ந்தேன். பச்சை வாசனைதான். தாயாட்டின் வாயருகே நீட்டினேன். அது முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்வாங்கியது. பக்கத்துக் குச்சியில் மிஞ்சியிருந்த ஓர் இலையைக் கிள்ளிக் கொடுத்தேன், உடனே தின்றது.

அக்கா மோர்ச் செம்போடு வரப்பில் வந்தாள். பார்த்ததும் செம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"அங்கனதான் கெடந்தாரு," என்றாள்.

நெஞ்சுவலி இல்லை என்று அப்போதுதான் சொன்னாள். ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு, மூக்கில் துணிகூடக் கட்டாமல் கத்தரிக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்திருக்கிறார். இவள் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஸ்பிரேயரில் ஒரு சொட்டு மிச்சமில்லை. எல்லாம் அவருக்கு அடியில் மண்ணில் இறங்கியிருந்தது.

அதற்குப் பிறகு ஐப்பசி மழை கொட்டியது, இரண்டு தடவை உழவு ஓட்டியாயிற்று, மண் புரண்டிருக்குமே என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"அங்கன காச்சதத்தான தெனமும் கொழம்பு வச்சுத் தின்னோம், தங்கச்சி."

எனக்கும் ஒரு பை வெண்டைக்காய் கொடுத்திருந்தாள். நானும் தின்றிருந்தேன்.

அவளே மண்வெட்டியோடு இறங்கினாள். ஒவ்வொரு செடியாக வேரோடு பிடுங்கினாள். தென்னங்கன்று வைக்க வெட்டியிருந்த குழி ஒன்று ஓரத்தில் இருந்தது. அதில் போட்டு இருவருமாக மூடினோம். இனி வெறும் மண்தான், ஆடுகள் தாண்டிவிடும் என்று நினைத்து வாசல் பக்கம் ஓட்டினேன். நேர்வழி அந்த மண்ணின் மேல்தான். அவை ஒன்றன்பின் ஒன்றாக விளிம்பைச் சுற்றிக்கொண்டே போயின. குட்டிகூட ஒரு குளம்பை உள்ளே வைக்கவில்லை.

வேளாண்மை அலுவலகத்தில் மண்ணைக் கொடுத்துச் சோதிக்கலாம் என்று பிறகு ஒருநாள் சொன்னேன்.

"மருந்து இருக்குன்னு வந்தா மனசு ஆறிரும். ஒண்ணுமே இல்லேன்னு வந்துட்டா?" என்றாள்.

மண்ணை அவள் கொடுக்கவில்லை. இந்த வருடம் அவரைக்கொடி போட்டிருக்கிறாள். அந்த இடத்தை மட்டும் சுற்றி வரப்பு வெட்டித் தரிசாக விட்டுவிட்டாள். கொடியை அறுத்துக் கட்டாக வைத்துவிட்டுக் கூப்பிடுவாள். நான் ஆடுகளை வீட்டிலேயே கட்டிப்போட்டுவிட்டு, தனியாகப் போய் எடுத்து வருகிறேன்.