அவருக்காகப் பார்க்கப் போன குருவி

என் கணவருக்குப் பறவைப் பைத்தியம். மரக்காணத்தில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் உப்பளம்தான் கதி. அங்கே போக வெள்ளைச் சட்டைதான் போடுவார். அதற்கென்றே இரண்டு வைத்திருந்தார்.

"உப்புக் குவியலோட குவியலா நின்னுட்டா எதுவும் மிரளாது. நீயும் வெள்ளையே கட்டிக்கோ."

"நான் எதுக்குங்க இப்பவே வெள்ளை கட்டணும்?" என்றேன். என் வாய் அப்படி. இருவரும் சிரித்தோம்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை. இலங்கை மலைக்காட்டில் நீல ஈப்பிடிப்பான் ஒன்று இருக்கிறது, சிட்டுக்குருவி அளவுதான். அந்தத் தீவை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அதைப் பார்த்துவிட வேண்டும். 2005 மே லீவுக்குப் போவதாக இருந்தோம், பாஸ்போர்ட்கூட வந்துவிட்டது. அதற்குமுன் டிசம்பரில் சுனாமி வந்தது. அந்த ஞாயிறும் அவர் முகத்துவாரப் பக்கம் போயிருந்தார். மறுநாள் சவுக்குத் தோப்பில் கிடைத்தார். சட்டையை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்கள்.

மிச்சமிருந்த இன்னொரு சட்டையை எடுத்துக்கொண்டு 2006இல் நான் மட்டும் போனேன்.

"குருவி பாக்கறதுக்கா பிளேன் ஏறுவே?" என்று அண்ணி கேட்டார். ஆமாம் என்றேன். அவர் பார்க்காமல் போனதை அவருக்காக நான் பார்த்தே தீருவது என்று பிடிவாதம்.

நுவரெலியாவில் காட்டைக் காட்ட வந்தவர் எஸ்டேட் தமிழர். நான் புடவைமேல் என் கணவரின் வெள்ளைச் சட்டையை மாட்டியிருந்தேன். மரத்தடியில் காத்திருந்தோம். குருவி கிட்டே வரும், சட்டென்று உள்ளே போய்விடும். பலமுறை இப்படி ஆனபின் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. இந்த இருட்டுக் காட்டுல வெள்ளை பளிச்சுன்னு தெரியுதுங்க. சட்டையைக் கழட்டிட்டா வரும்."

உப்பளத்து யோசனை உப்பளத்தோடு சரி என்று எனக்குத் தோன்றவே இல்லை. கோபம்தான் வந்தது.

"இது இல்லாம பாக்கறதுக்கு நான் எதுக்குங்க இவ்ளோ தூரம் வரணும்?"

அவர் தலை குனிந்துகொண்டார். கத்தியிருக்க வேண்டாம். பிறகு நானே பொத்தான்களைக் கழற்றினேன். சட்டையை மடித்துப் பையில் வைத்து ஜிப்பை மூடினேன்.

குருவி வந்தது. தாழ்ந்த கிளையில், கைக்கெட்டும் தூரத்தில். நெற்றியில் மட்டும் நீலம் தூக்கலாக இருந்தது. எழும்பி ஒரு பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே கிளைக்குத் திரும்பியது. என் கணவர் சொன்னதைவிட அழகு. சட்டை பைக்குள் இருக்க, எங்கள் இருவரில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் மட்டும்தான்.

குருவி போகவில்லை. நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் இல்லாமல் அதற்குமேல் பார்க்க மனம் வரவில்லை.