தொட்டியில் போட்ட பழங்கறி

ஒரு ஆளுக்குச் சோறு வைக்க எனக்குத் தெரியாது. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் நாங்கள் ஏழு பேர். ஏழு பேருக்கு எத்தனை கை அரிசி என்று என் கைக்குத் தெரியும். ஒரு ஆளுக்கு எவ்வளவு என்பதை அது இன்றுவரை கற்றுக்கொள்ளவில்லை. ஆரியசாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் அறை எடுத்துத் தங்கிய முதல் வாரத்திலிருந்தே பானையில் பாதிச் சோறு மிஞ்சியது. அதை வீட்டுக்கார அம்மாவின் பசுவுக்கு வைத்திருந்த கழனித்தொட்டியில் கொட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். கொட்டும்போது வருத்தமே இல்லை. மிச்சம் வைக்கிற அளவுக்குச் சோறு உள்ளவளாகிவிட்டேன் என்று மனதுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது.

எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பா கைநாட்டு. அம்மா துரை பங்களாவில் சமையற்கட்டு வேலை பார்த்தாள். மிஷன் பள்ளியில் தங்கிப் படித்து, டிரெயினிங் முடித்து, திருவனந்தபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியின் கீழ் வகுப்புகளுக்கு டீச்சராக வந்தேன். முதல் வேலையாக ஒரு கறுப்புக் குடை வாங்கினேன். மழையோ வெயிலோ, அதைப் பிடித்துக்கொண்டுதான் சந்து வழியே நடப்பேன். மிளகாய் மூட்டை இறக்குகிறவர்கள் வழிவிட்டு ஒதுங்குவார்கள். அது எனக்கு வேண்டியிருந்தது.

பள்ளியில் மற்ற டீச்சர்மார் மலையாளத்தில்தான் பேசிக்கொள்வார்கள். எல்லாம் எனக்குப் புரியும். நான் வாய் திறந்தால் மட்டும் என் மலைப் பேச்சைக் கேட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஆகவே திறப்பதில்லை. மத்தியானம் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து தூக்குப்பாத்திரத்தைக் காலி செய்வேன். நாலு மணிக்கு மேல் என்னோடு பேச ஊரில் இருந்தவர் ஒரே ஒருவர், வீட்டுக்கார அம்மா.

அவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். கணவர் சுக்கு வியாபாரம் செய்து இறந்துவிட்டார். இரண்டு மகன்களும் மலாயாவில் ரப்பர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைகள். ஜப்பான்காரன் அங்கே வந்ததிலிருந்து கடிதம் இல்லை. ஞாயிறு கோயிலில் அவர்களுக்காக ஜெபம் சொல்லும்போது நானும் ஆமென் சொல்வேன். அதற்குமேல் நான் அதை நினைத்ததில்லை.

சாயங்காலம் முற்றத்துக் கதவைத் திறந்ததும் அவர் குரல் கேட்கும்.

"இன்னிக்கு எத்தனை பிள்ளைகள அடிச்ச, டீச்சரே?"

"யாரையும் அடிக்கலை, பெரியம்மா."

"பின்ன அதுக எப்படிப் படிக்கும்? ஒனக்கு எதுக்குச் சம்பளம்?"

தினமும் இதே கேள்விதான். தினமும் அதற்காகக் காத்திருப்பேன்.

ஒரு திங்கட்கிழமை அவர் ஒரு வெண்கலக் கிண்ணத்தை நீட்டினார். "பழங்கறி, மக்ளே. வெள்ளிக்கிழமையிலேருந்து சுண்டுது. சூடாத் தின்னு." அவியலும் புளிக்கறியும் எரிசேரியும் ஒன்றாகச் சேர்ந்து, மூன்று நாள் அடுப்பில் வற்றி, கறுத்து, எண்ணெய் பிரிந்து இருந்தது. வாங்கிக்கொண்டு சிரித்தேன். அறைக்குள் வந்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அம்மா பங்களாவிலிருந்து முந்தானைக்குள் கொண்டுவந்ததையெல்லாம் தின்று வளர்ந்தவள் நான். காய்ந்த ரொட்டி விளிம்பு, ஆட்டெலும்பு, பாதி ஆறிய உருளைக்கிழங்கு. ருசியாகத்தான் இருந்தது. லயத்தில் ஒருத்தி எல்லோர் முன்னாலும், "துரை கடிச்சது போக மிச்சம் இதுகளுக்கு" என்று சிரித்தாள். அன்று எனக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து யாருடைய மிச்சத்தையும் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கார அம்மா தேவாலயத்துப் பெண்கள் கூட்டத்துக்குப் போன பிறகு கிண்ணத்தைத் தொட்டியில் கவிழ்த்தேன். புளிபோட்டுத் தேய்த்துப் பளபளவென்று திருப்பிக் கொடுத்தேன்.

"நல்லாருந்துதா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு, பெரியம்மா."

அவர் முகம் மலர்ந்தது. அடுத்த திங்களும் கிண்ணம் வந்தது. அதற்கடுத்த திங்களும். ஒற்றை ஆளுக்கு ஏன் இத்தனை கறி வைக்கிறார் என்று ஒருமுறை எரிச்சலோடு நினைத்தேன். என் பானையில் மிஞ்சியதோடு அதைச் சேர்த்து நினைக்கத் தோன்றவில்லை.

நான்காம் வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் தவிடு கரைக்கப் போனவர் தொட்டிக்குள் கைவிட்டபடி என்னைக் கூப்பிட்டார்.

"ஏ டீச்சரே, இங்க வா."

போனேன். அவர் விரல்களில் அவியல் முருங்கைக்காய்த் துண்டு ஒன்று தொங்கியது.

"எம் பசு முருங்கக்கா திங்காது. அது தெரியாமப் போச்சா ஒனக்கு?"

நான் குனிந்து தொட்டியைப் பார்த்தேன்.

"பிடிக்கலேன்னா வேண்டாம்னு பறையப்பிடாதா? நல்லாருந்துச்சு நல்லாருந்துச்சுன்னு பொய் சொல்லி, கிண்ணத்தையும் மினுக்கிக் கொண்டு தந்தியே!"

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். தலையை நிமிர்த்திக்கொண்டு, "எனக்கு மிச்சம் சாப்பிட்டுப் பழக்கமில்லை" என்றேன். என் வாயிலிருந்து வந்த பெரிய பொய் அதுதான்.

"மிச்சமா?" என்றார். முருங்கைத் துண்டைப் பார்த்தார். "மூணு நாளு தீயப் பாத்துப் பாத்து வச்சது மிச்சமா? சரி, மக்ளே." உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

கடைசிக் கிண்ணம் என் அறையிலேயே தங்கிவிட்டது. திருப்பிக் கொடுக்கக் கால் வரவில்லை. அதன் பிறகு முற்றத்துக் கதவைத் திறந்தால் குரல் இல்லை. எதிரே வந்தால் "ம்" என்பார். அவ்வளவுதான். வெள்ளி மாலை பள்ளி மணி அடித்தால் திங்கள் காலை "குட்மார்னிங் டீச்சர்" வரைக்கும் என்னோடு பேச ஒரு மனிதர் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பசுவிடம், "என்ன, வெயில் அடிக்குதா?" என்று கேட்டுவிட்டு, யாராவது கேட்டார்களா என்று சுற்றிப் பார்த்தேன். ஜன்னல்கள் மூடியிருந்தன.

தொட்டிப் பக்கம் போக வெட்கமாக இருந்ததால் என் சோற்றையும் அதில் கொட்ட முடியவில்லை. வெளியே எறியவும் முடியாது. பர்மா அரிசி நின்றுபோய், ரேஷனில் கல்லும் உமியுமாக வாங்கி, வீடுகளில் மரச்சீனிக் கிழங்கை அவித்துத் தின்றுகொண்டிருந்த காலம். தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் உள்ளியோடு குடித்தேன். புளி கரைத்துக் கிளறினேன். ஒருநாள் சோற்றை மசித்துத் தேங்காய்த் துருவலும் கருப்பட்டியும் சேர்த்து அடை தட்டி வாழையிலையில் சுட்டபோது, கருகிய இலை வாசத்தில் கை நின்றுவிட்டது. அம்மா ரொட்டி விளிம்புகளை இப்படித்தான் கருப்பட்டிப் பாகில் ஊறவைத்து இலையில் சுடுவாள். ஆட்டெலும்பை மிளகு தட்டிப்போட்டு ரசம் வைப்பாள். பங்களாத் தட்டிலிருந்து வந்தது ஒன்றுகூட வந்தபடியே எங்கள் வாய்க்குள் போனதில்லை. சிரித்தவளுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் அவள் சொன்னதைத்தான் இத்தனை வருஷம் வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வார மிச்சத்தில் வடகம் போட்டேன். பழையதைப் பிழிந்து, பச்சைமிளகாய், சீரகம், உப்பு வைத்து அரைத்து, சனிக்கிழமை காலை முற்றத்தில் துணி விரித்துக் கிள்ளி வைத்தேன். அன்று மட்டும் பள்ளியில் தையல் வகுப்பு இருந்தது, போக வேண்டும். காகங்கள் மதிலில் வந்து உட்கார்ந்துவிட்டன. வேறு வழியில்லாமல் என் கறுப்புக் குடையை விரித்து வடகத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறுந்தலையோடு சந்தில் நடந்தேன். அன்று யாரும் ஒதுங்கினார்களா என்று பார்க்கவில்லை.

பதினொரு மணிக்கு வானம் இருண்டது. வகுப்பு முடிந்து நனைந்துகொண்டே ஓடி வந்தேன். முற்றத்தில் துணி இல்லை. குடை மடக்கி என் கதவில் சாத்தியிருந்தது. வீட்டுக்கார அம்மாவின் பின்வாசல் சார்ப்புக் கூரைக்குக் கீழே, பெஞ்சின் மேல், என் வடகம் விரிந்து கிடந்தது. ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டிருந்தார். அவரைக் காணோம். சமையற்கட்டில் ஏதோ அரியும் சத்தம் மட்டும் வந்தது. நான் கூப்பிடவில்லை. அவரும் வெளியே வரவில்லை.

புதன்கிழமை நன்றாகக் காய்ந்ததும் வெண்கலக் கிண்ணம் நிறைய வடகத்தை எடுத்து அவர் படியில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை தண்ணீர் இறைக்கப் போனவள், என்னை அறியாமல் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். தவிடும் வாழைத்தோலும் மிதந்தன. நிமிர்ந்தால் அவர் கதவில் நிற்கிறார்.

"என்ன தேடுத?"

"ஒண்ணுமில்லை, பெரியம்மா."

"எம் பசு வடகமும் திங்காது, கேட்டியா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த திங்கள் அவர் அடுப்பில் பழங்கறி சுண்டும் வாசம் சந்துவரை வந்தது. அறைக்குள் உட்கார்ந்து காத்திருந்தேன். கிண்ணம் வரவில்லை. வராது என்று புரிய வெகுநேரம் ஆகிவிட்டது. நான் வாழ்க்கையில் யாரிடமும் சாப்பாடு கேட்டதில்லை. காலையில் மிஞ்சிய சோற்றைத் தட்டோடு எடுத்துக்கொண்டு அவர் பின்வாசலில் போய் நின்றேன்.

"பெரியம்மா, பழங்கறி கொஞ்சம் தர்றீங்களா?"

அவர் என்னையும் தட்டையும் பார்த்தார். "தீந்து போச்சே. கோயில்ல மணி அடிக்குற கோயில்குட்டிக்கு வழிச்சுக் குடுத்துட்டேன். இருக்கது சட்டிதான்."

"சட்டி போதும்."

அவர் ஒதுங்கி வழிவிட்டார். என் சோற்றை அந்த மண்சட்டியில் கொட்டி, அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிப் பிரட்டி, தரையில் உட்கார்ந்து சட்டியிலிருந்தே தின்றேன். புளிப்பும் காரமும் லேசாகத் தீய்ந்த ருசியும். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு மீன் அலசினார். திரும்பாமலே சொன்னார்:

"மூத்தவன் இப்படித்தான். கறிய விட்டுருவான், சட்டிய விடமாட்டான். நாலு பேருக்கு வச்ச கை, கொறைக்க வரல மக்ளே."

 என் கைக்கும் குறைக்க வரவில்லை என்று நான் சொல்லவில்லை. எழுந்து சட்டியைக் கழுவினேன்.

"அந்தத் தண்ணியக் கீழ கொட்டாத. பசுவுக்கு ஊத்து."

முற்றத்தில் யாரும் இல்லை. சட்டி கழுவிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, பசு குடித்து முடிக்கிறவரை அங்கேயே நின்றேன்.