மிளகுக்காகக் கட்டிய கோட்டை

ஏற்காடு மலையில், நாகலூர் காப்பி எஸ்டேட் ஒன்றில் வேலை செய்யும் என் அம்மா ஐம்பது வயதுவரை கடலைப் பார்த்ததில்லை. போன மே மாதம் அவளைத் தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போனேன்.

ஊர் வாசலில் வெள்ளையடித்த பெரிய வளைவு. அதைத் தாண்டினால் ஒரே நேர்த்தெரு, தூண் வைத்த பழைய வீடுகள், ஆள் நடமாட்டமே இல்லை. ஆனால் இரைச்சல் கேட்டது.

"என்ன கண்ணு, லாரி வருதா?"

"கடலும்மா!"

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் போய்ச் சேர்வதற்குள் முழங்கால்வரை நனைந்துவிட்டாள். "ஏற்காட்டு ஏரிய இதுல ஊத்துனாத் தெரியவே தெரியாதாட்ட இருக்குதே!" என்று கத்தினாள்.

ஈரச் சேலையோடு பக்கத்திலிருந்த கோட்டைக்குள் போனோம். காவலாளி சொன்னார்: "நானூறு வருஷத்துக்கு முன்னாடி டென்மார்க்லேர்ந்து கப்பல்ல வந்து கட்டினாங்கம்மா. எல்லாம் மிளகுக்காக."

"ஏனுங்க, மொளகுக்கா?"

"ஆமாம்மா. இந்தக் கீழ் அறையெல்லாம் சரக்கு அடுக்கத்தான்."

வருஷாவருஷம் ஏணி போட்டு, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறி, கை எரிய எரிய மிளகு பறிப்பவள் அம்மா. அப்போதெல்லாம் அந்தக் கொடியைத் திட்டாத நாள் கிடையாது. இப்போது இருட்டறைக்குள் போய்ச் சுவரை மோந்து பார்த்தாள். "நொம்பப் பெரிய ஆளுங்கதான் நாங்க!" என்று அவள் சிரித்த சிரிப்பில் காவலாளியும் சேர்ந்துகொண்டார்.

கரையில் மீன் வறுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் போய் அந்த மிளகுக் கதையைச் சொன்னாள். "கப்பல்காரங்க போயிட்டாங்கக்கா, நாங்க போவல" என்றாள் அந்தப் பெண். சுனாமியில் அவளுடைய வீடு போயிருந்தது. கரையோரக் கோயிலின் முன்பகுதியையும் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டதாம். மிச்சத்தில் பூசை நடக்கிறது.

"பயமா இல்லீங்களா?"

"இந்தச் சத்தம் கேக்காட்டி தூக்கம் வராதுக்கா."

இருவரும் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்கள். தை மாதம், எங்கள் வீட்டுக்குப் பின்னால் பறித்த மிளகைக் காயவைத்து அம்மா கூரியரில் அனுப்பினாள். நாலாம் நாளே போன் வந்தது.

"அக்கா, மீனு மணக்குது! எப்ப வர்றீங்க?"

அம்மா ஸ்பீக்கரில் போட்டு, காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த அத்தனை பெண்களுக்கும் கேட்க வைத்தாள். இப்போது அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வேன் பேசியிருக்கிறார்கள். எனக்கு இடம் உண்டா என்று கேட்டேன்.

"பாக்கலாம் கண்ணு" என்கிறாள்.