முதலில் ஏறி வருகிறவர்

கேள்வி கேட்காமல் இருக்க எனக்குத் தெரியாது. தனுவச்சபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்து லேபில் முப்பது வருடம் குடுவை கழுவியவள் நான். எது எதோடு சேர்ந்தால் என்ன நிறம் வரும் என்று பார்த்துப் பழகிய கண். அதனால், அண்ணன் மகன் சிங்கப்பூரில் கூட வேலை பார்த்த வியட்நாம் பெண்ணைக் கட்டிக்கொண்டு பாறசாலைக்கே திரும்பி வந்தபோது, ஊர் அவள் நிறத்தைப் பற்றிப் பேசியது. நான் அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் வீடும் என் வீடும் ஒரே விளையில், ஒரே தென்னந்தோப்புக்குள்தான். மைனிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, முழங்கால் வலி. அதனால் தினமும் விடியும்போது என் முற்றத்தோடு அவர்கள் முற்றத்தையும் நானே பெருக்கிவிடுவேன். ராத்திரிச் சாப்பாடு அவர்கள் வீட்டில்.

முதல் அதிசயம் சாப்பாட்டு மேசையில் நடந்தது. அண்ணன் ஜெபம் சொல்லி முடித்து ஆமென் போட்டதும் நாங்கள் கை வைப்போம். அவள் கை வைக்க மாட்டாள். "அப்பா சாப்பிடுங்க. அம்மா சாப்பிடுங்க. மாமி சாப்பிடுங்க" என்று மூத்தவரிலிருந்து வரிசையாக ஒவ்வொருவரையும் அழைத்த பிறகுதான் அவள் தட்டைத் தொடுவாள். எங்கள் வீட்டுச் சோற்றை உண்ண எங்களையே அழைக்கிறாளே என்று மைனிக்கு முதலில் முகம் கோணியது. அவர்கள் ஊரில் இளையவர்கள் அப்படித்தான் செய்வார்களாம். அண்ணனின் ஜெபமும் நீளம், இவள் அழைப்பும் நீளம், மீன்குழம்பு ஆறிப்போகும். ஆனாலும் "மாமி சாப்பிடுங்க" என்று ஒருத்தி சொல்லக் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் பேச்சு மும்முரத்தில் கரண்டியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்திவைத்தேன். அவள் மெல்ல எடுத்துப் படுக்க வைத்தாள். விடுவேனா? கேட்டேன். செத்தவர்களுக்கு வைக்கும் சோற்றில்தான் அப்படிச் சாப்பாட்டுக் குச்சியை நிறுத்துவார்களாம். அதற்குப் பிறகு நான் கரண்டியை, எறும்பை மிதிக்காமல் நடப்பதுபோலக் கவனமாக வைத்தேன்.

அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். அதற்கு முன்னால் ஒன்று தங்காமல் போயிருந்தது. காரக்கோணத்துக்கு ஸ்கேனுக்குப் போகும்போதெல்லாம் காரில் என் கையைப் பிடித்துக்கொள்வாள். விரல் நுனியெல்லாம் சில்லென்றிருக்கும்.

அவர்களுடைய வருடப்பிறப்பு தை, மாசி வாக்கில் வருகிறது. அதற்கு ஒரு வாரம் முன்னால் மேசையில் ஒரு கேள்வி கேட்டாள். புத்தாண்டுக் காலையில் வெளியிலிருந்து யார் முதலில் வீடேறி வருகிறார்களோ, அவர்களுடைய நல்லது கெட்டதுதான் அந்த வருடம் முழுக்க அந்த வீட்டுக்கு. இந்த ஊரில் அப்படி ஒரு நல்ல ஆள் யார்? கேட்கும்போது அவள் கை வயிற்றின் மேல் இருந்தது.

அண்ணன் சபைக் கமிட்டிக்காரர். "சகுனம் ஒண்ணும் நமக்கு இல்ல மோளே. நாம கிறிஸ்தியானிகளாக்கும்" என்றார். அரை டம்ளர் சாயா குடித்துவிட்டு, "இருந்தாலும் நம்ம ஹெட்மாஸ்டர் வரட்டு. நாலு பிள்ளைகளும் நல்ல நெலையில இருக்கு" என்றார். நான் சிரித்துவிட்டேன்.

சிரித்தேனே தவிர, வலித்தது. அண்ணன் மகனும் இவளும் வந்திறங்கிய கல்யாண வரவேற்பில் மாலைத் தட்டை ஏந்தி நான் முன்னால் நின்றேன். மைனியின் அக்கா வந்து தட்டை வாங்கி வேறொருத்தியின் கையில் கொடுத்தாள். என் வீட்டுக்காரர் போய் அப்போது மூன்று வருடம். சகுனம் பார்க்காத கிறிஸ்தியானிகள் யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

அந்தக் காலை வந்தது. முந்தின நாளே அவள் வீட்டைத் துடைத்து, உதியன்குளங்கரையில் வாங்கிய மஞ்சள் செவ்வந்தியை வாசலெங்கும் தொங்கவிட்டிருந்தாள். நான் வழக்கம்போல வாரியலை எடுத்தேன். நல்ல நாள், பெரிய மனிதர் வருகிறார் என்று படிக்கட்டு, சிட்டவுட், முற்றம் எல்லாவற்றையும் ஒரு இதழ் மிச்சமில்லாமல் பெருக்கி, தென்னைமூட்டில், மரத்தடியில், கொட்டினேன். நிமிர்ந்தால் அவள் கதவைத் திறந்துகொண்டு நிற்கிறாள். என் கையிலிருந்த வாரியலைப் பார்த்தாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதாள்.

அண்ணன் மகன் ஓடிவந்தான். "மாமி, இண்ணைக்குத் தூத்தப்பிடாது. வந்த ஐசுவரியத்தயெல்லாம் தூத்து வெளிய கொட்டுனதா அர்த்தமாக்கும்."

"எலே, இத நேத்தே சொல்லாம எங்க போன? தூத்தாத முத்தத்துல நாலு பேரு எப்படிலே ஏறுவான்?" என்று அவன் மேல்தான் பாய்ந்தேன். பாய்ந்த வாய் அவள் கையைப் பார்த்ததும் மூடிக்கொண்டது. மறுபடியும் வயிற்றின் மேல் இருந்தது. முப்பது வருடத்தில் ஒரு குடுவைகூட உடைக்காதவள், இதை உடைத்துவிட்டேன்.

வேறொன்றும் தோன்றவில்லை. அரிசி புடைக்கிற சுளவை எடுத்துக்கொண்டு தென்னைமூட்டுக்குப் போனேன். கொட்டியதையெல்லாம், இதழ், சருகு, மண் என்று பிரிக்காமல், இரண்டு கையாலும் அள்ளிச் சுளவில் நிரப்பிக்கொண்டு வந்து நீட்டினேன். "பிடி மோளே. ஒண்ணும் போகல்ல."

அவள் வாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து வழிவிட்டாள். "மாமி, உள்ள வாங்க."

"ஹெட்மாஸ்டர் இப்ப வருவாரு. நான் உள்ள ஏறப்பிடாது. மாப்பிள்ள இல்லாதவளாக்கும்" என்றேன். இதை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் தயங்கித் தயங்கி அவளிடம் இங்கிலீஷில் சொன்னான். அவள் ஏதோ திருப்பிக் கேட்டாள்.

"மாமா போயி எத்தற வருசம் ஆச்சுண்ணு கேக்கா."

"நாலு."

அவள் விரல் மடக்கி எண்ணினாள். பிறகு அவன் உதவியில்லாமல், தெரிந்த தமிழில் சொன்னாள்: "எங்க ஊர்ல மூணு வருசம் துக்கம். மாமி துக்கம் முடிஞ்சு. வாங்க."

துக்கத்துக்கு ஒரு முடிவு உண்டு என்று அந்த நாலு வருடத்தில் என்னிடம் யாரும் சொன்னதில்லை. நான் அழுதேன். குப்பைச் சுளவோடு வலதுகாலை எடுத்து வைத்து உள்ளே ஏறினேன். அவள் அதை வாங்கி, விலையுள்ள சாமான் போல, அலமாரிக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தாள். கால்மணி நேரம் கழித்து வந்த ஹெட்மாஸ்டர் சாயாவும் நேந்திரங்காய் உப்பேரியும் சாப்பிட்டு, இரண்டாவது ஆளாக வந்தது தெரியாமலே போனார்.

ஆனி மாதம் பெண்குழந்தை பிறந்தது, மூன்று கிலோ.

இந்த வருடமும் அந்த நாள் வந்தது. இடுப்பில் குழந்தையோடு முந்தின நாள் சாயங்காலமே வேலியோரம் வந்து, "மாமி, நாளைக்கும் நீங்கதான்" என்றாள். போன வருடம் நல்லபடியாக இருந்தால் அதே ஆளைத்தான் திரும்பக் கூப்பிடுவார்களாம். சரி என்றேன். ஆனாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது; போகும்போது என் வாரியலையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.