ஓபர்ஸ்டோர்ஃபுக்கு இரண்டு கடவுச்சீட்டுகளுடன்

2008 பெப்ரவரி, சனிக்கிழமை காலை 6.50. ஸ்டுட்கார்ட் நிலையத்தில் சுழியத்துக்குக் கீழ் நான்கு பாகை. தெற்கே ஏறத்தாழ 220 கிலோமீட்டரில் ஓபர்ஸ்டோர்ஃப். ஊல்மில் ஒருமுறை மாற வேண்டும். வார இறுதிச் சீட்டு 35 யூரோ. ஐந்து பேர் வரை போகலாம். போனது அண்ணாவும் நானும் மட்டும். பையில் இருந்தவை: சறுக்குக் காலணி இரண்டு சோடி, ஆடைகள், இசைத்தட்டும் அதன் பிரதியும், ஆளுக்கு இரண்டு கடவுச்சீட்டு.

இலண்டனில் பிறந்து ஸ்டுட்கார்ட்டில் வளர்ந்ததால் எங்களுக்குப் பிரித்தானியக் குடியுரிமையும் ஜெர்மன் குடியுரிமையும் உண்டு. பத்து ஆண்டுகளாகப் பனித்தள நடனத்தில் ஜெர்மனிக்காக ஆடுகிறோம். இன்றைய தெரிவு ஆட்டத்தில் முதலாவதாக வரும் சோடிக்கே வெளிநாட்டுப் போட்டியில் இடம். தவறினால் பிரித்தானியாவுக்கு மாறலாம். ஆனால் நாடு மாறுபவர்கள் ஓராண்டு சர்வதேசப் போட்டிகளில் ஆட முடியாது. அண்ணாவுக்கு வயது இருபத்தாறு.

மூன்று வாரங்களுக்கு முன், அண்ணா என்னைத் தோளுயரத்துக்குத் தூக்கிச் சுழலும் கட்டத்தில் விழுந்தேன். தலையில் ஐந்து தையல். அதன்பிறகு தரையில் பழகினோம். பனியில் இடுப்புயரத்துக்கு மேல் போகவில்லை. இரவில் கண்ணை மூடினால் அந்த வெண்தளம் என் முகத்தை நோக்கி ஏறி வந்தது.

8.15. ஊல்மில் ஏறிய ஒருவர் தமிழ் கேட்டு எதிரே வந்து அமர்ந்தார். கெம்ப்டன் விடுதியொன்றில் சமையல் வேலையாம். நாங்கள் கலியாணம் முடித்தவர்களா என்று கேட்டார். தங்கச்சி, பனியில் சோடியாக ஆடுகிறோம், தூக்கல்களும் உண்டு என்றார் அண்ணா.

"தங்கச்சியைத் தூக்கி ஆடுறதோ? என்ரை தங்கச்சியைத் தூக்கினா, இறங்கினவுடன எனக்கு அடிதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கெம்ப்டனில் இறங்கும்போது அவர் அண்ணாவின் தோளைத் தட்டினார். "விழுத்திப்போடாதையுங்கோ, தம்பி." அண்ணா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

12.40. ஓபர்ஸ்டோர்ஃப் அரங்கில் பயிற்சி நேரம். தூக்கலை எளிதாக்கிவிடலாமா என்று அங்கே காத்திருந்த எங்கள் பயிற்றுநர் கேட்டார். அந்தப் புள்ளிகள் இல்லாமல் முதலிடம் இல்லை. வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அண்ணா குனிந்து காலணி நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தார்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. தூக்குவதற்கு முன் அண்ணா "ஓமோ?" என்று மெல்லக் கேட்பார். நான் "ஓம்" சொன்ன பிறகுதான் தூக்குவார்.

2.30. எங்கள் முறை. இரண்டாவது வளைவு முடிந்ததும் முழங்காலை மடித்துக் காத்திருந்தேன். "ஓம்" நாக்கிலேயே இருந்தது. அவர் கேட்கவில்லை. இசை அந்தக் கட்டத்தைக் கடந்தது. அண்ணா என் இடுப்பில் கைவைத்தபடி நேராகச் சறுக்கிக்கொண்டே போனார். அவரது விரல்கள் என் ஆடையைக் கசக்கிப் பிடித்திருந்தன.

இரண்டாமிடம்.

மாலை ரயிலில் மலைகள் நீல நிறமாகிப் பின்னால் போயின. அண்ணா இரு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இமென்ஸ்டாட் நிலையம் தாண்டியதும் சொன்னார்.

"கேட்டிருந்தா நீ ஓம் எண்டுதான் சொல்லியிருப்பாய். அதாலைதான் கேக்கேல்லை."

மூன்று வாரமும் விழுந்தவளின் பயத்தை மட்டுமே நான் கணக்கில் எடுத்திருந்தேன். பிரித்தானியாவுக்கான விண்ணப்பத்தைத் திங்கட்கிழமை எழுதுவதா என்று கேட்டேன். எழுதச் சொன்னார். கெம்ப்டன் வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பயம் போக ஒரு வருஷம் காணுமோ, பிரியா?"

"தெரியாது, அண்ணா. நாளைக்கு மெத்தை போட்டு, தரையிலை தூக்கிப் பாப்பம்."

தலையசைத்தார். கைகளை மட்டும் வெளியே எடுக்கவில்லை.