படுத்திருந்த யானைக்கு என்ன கோளாறு

நல்லம்பள்ளியில் ஒரு உரக்கடையின் மேல்மாடியில் தீர்த்தம்மாளுக்கு வேலை. குழந்தைகளின் படக்கதைப் புத்தகங்களைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கிற வேலை. திரையில் ஒரு பக்கம் வரும், கீழே கேள்வி வரும். முயல் ஏன் ஓடுகிறது? கரடி என்ன நினைக்கிறது? இவள் பதில் அடிக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் கதை கற்றுக்கொள்கிறதாம். கற்றுக்கொள்ளட்டும், யார் வேண்டாம் என்றது.

சம்பளத்தைவிட அவளுக்குப் பிடித்தது அந்தக் கேள்விகள்தான். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்றுகூட அன்றைக்கு யாரும் அவளைக் கேட்கவில்லை. வீட்டுக்காரர் மாதப்பன் சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து ஒரு மணி நேரம் விசாரிப்பார். இவளிடம் "சாப்பிட்டியா" என்று ஒரு வார்த்தை கிடையாது. இங்கே ஒரு நாளைக்கு இருநூறு தடவை 'நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?' என்று ஒருத்தன் கேட்கிறான். அவன் மெஷினாக இருந்துவிட்டுப் போகட்டுமே.

ஆனால் அங்கே ஒரு சட்டம் உண்டு. ஒரே பக்கத்தை மூன்று பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். மற்ற இரண்டு பேருக்கு மாறாக மாசத்தில் மூன்று தடவை பதில் சொன்னால் வேலை போய்விடும். தீர்த்தம்மாள் ஏற்கெனவே இரண்டு தடவை மாறிச் சொல்லியிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு யானை வந்து சேர்ந்தது. நமக்கு முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறது. பக்கத்தில் ஒரு கூடை கரும்பு, தொடவே இல்லை. யானைக்கு என்ன? கூட வேலை பார்க்கும் ஜாஸ்மின் 'தூக்கம்' என்று அடித்தாள். அமுதவல்லி 'காய்ச்சல்' என்றாள். தீர்த்தம்மாள் 'கோபம்' என்றாள். கூடிப் பேசி ஒரே பதிலாக அனுப்புங்கள் என்று பக்கம் திரும்பி வந்தது. நாலு நாள் பேசினார்கள். யானை படுத்தது படுத்தபடியே கிடந்தது.

மேற்பார்வை பார்க்கும் மாதவராஜுக்குத் தலை வெடித்தது. "பேசித் தீராதுங்கக்கா. மாரியம்மன் கோயில்ல பூ கேட்டுருவோம்" என்றான். பெண் கொடுக்கலாமா, கிணறு வெட்டலாமா என்று குழம்பினால் அம்மன் முன்னால் பூப்பொட்டலங்களைப் போட்டு ஒன்றை எடுப்பது வழக்கம். யானைக்குக் காய்ச்சலா என்று அம்மனைக் கேட்கப் போனவர்கள் உலகத்திலேயே இவர்கள்தான்.

யானையைக் கலர் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார்கள். பூசாரி வாங்கிப் பார்த்தார்.

"யாரூட்டு யானைங்க?"

"கம்பெனி யானைங்க" என்றான் மாதவராஜ்.

அதற்கு மேல் அவர் விசாரிக்கவில்லை. ஜாஸ்மின் சர்ச்சுக்குப் போகிறவள், வாசலிலேயே நின்றுகொண்டாள். நின்றால் என்ன, "தூக்கத்துக்கும் ஒரு பொட்டலம் போட்டுருங்க" என்று அங்கிருந்தே சொல்லிவிட்டாள். தூக்கத்துக்கு மல்லி, காய்ச்சலுக்கு அரளி, கோபத்துக்குச் சாமந்தி. பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். அரளி.

"ஆத்தாளே சொல்லிட்டா, காய்ச்சல்தான்" என்று அமுதவல்லி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தாளுக்கு இது எப்படித் தெரியும்?" என்றாள் தீர்த்தம்மாள். "அவ கோவிச்சுக்கிட்டா ஊரே கூடிக் கூழு ஊத்துது. நான் கோவிச்சுக்கிட்டுப் படுத்தா, கொழம்பச் சூடு பண்ணித் தின்னுட்டு வெளக்க அணைச்சுடறாங்க."

மறுநாள் காலை மற்ற இருவரும் 'காய்ச்சல்' அடித்துவிட்டார்கள். இவளும் அதையே அடித்துத் தொலைத்திருக்கலாம். விரல் போகவில்லை. இந்த வேலையும் போய்விட்டால் இனி யார் நம்மைக் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்ததும் அழுகை முட்டியது. ஆனால் கேட்கிறவனிடமே பொய் சொன்னால் அவன் கேட்டுத்தான் என்ன பிரயோஜனம்? 'கோபம்' என்றே அடித்தாள். காரணம் கேட்கும் கட்டத்தில் எழுதினாள்: 'காது விறைப்பாக நிற்கிறது. தூங்கினால் தொங்கிவிடும், காய்ச்சல் என்றாலும் தொங்கிவிடும். யாராவது சாப்பிடக் கூப்பிட வருகிறார்களா என்று காது கொடுத்துக்கொண்டு கிடக்கிறது.'

மாறிச் சொன்னவரின் காரணத்தைக் கம்ப்யூட்டர் மற்ற இருவருக்கும் காட்டி, கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுக்கும். ஜாஸ்மின் படித்தாள். தன் பதிலைக் 'கோபம்' என்று மாற்றினாள். அமுதவல்லி இரண்டு தடவை படித்தாள். "ஆத்தா, மன்னிச்சுக்கோ" என்று முணுமுணுத்துவிட்டு அவளும் மாற்றினாள். தீர்த்தம்மாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

உடனே அடுத்த கேள்வி வந்தது. யானையிடம் இப்போது யார் வந்து பேச வேண்டும்? படத்தின் ஓரத்தில் எலி, கிளி, குரங்கு மூன்றும் நின்றுகொண்டிருந்தன. கூடிப் பேச அனுமதி இல்லை. அவரவர் இடத்தில் உட்கார்ந்து அடித்தார்கள்.

மாதவராஜ் தன் திரையைப் பார்த்தான், புத்தகத்தைப் புரட்டினான், மறுபடியும் திரையைப் பார்த்தான்.

"அக்கா, இந்தக் கதையில யானைக்கு வூட்டுக்காரரே கெடையாதுங்களே."

மூன்று பதில்களும் ஒன்றாக இருக்கின்றன, ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது.